ஒரே ஒரு ‘ம்’

“ஆயுள் பூட்டா, வருடப் பூட்டா?” என்று கேட்டார் சங்கரவடிவு.

“ஆயுள் பூட்டு,” என்றாள் டெல்பின்.

பூட்டகத்தின் அதிகாரியான அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆயுள் பூட்டு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் குடியால் வேலை இழந்தவர்களாகவோ சூதாட்டத்தில் வீட்டைத் தோற்றவர்களாகவோ இருப்பார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அப்படிப்பட்டவளாகத் தெரியவில்லை.

“என்ன பழக்கம் மேடம்?”

“பழக்கம் எதுவும் இல்ல. நான் இசை பண்ணுதேன்.”

இயந்திரங்கள் கேட்டதையெல்லாம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, மறுக்கிற இயந்திரம் ஒன்று மனிதர்களுக்குத் தேவைப்பட்டது. அதுதான் உறுதிப்பூட்டு. தனக்கு இன்னது வேண்டாம் என்று ஒருவர் பூட்டகத்தில் பதிந்துவிட்டால், அவருடைய குரலையும் நடையையும் உணர்கிற எந்தக் கருவியும் பிறகு அதை அவருக்குத் தராது. சொந்தக் கருவி, கடைக்காரரின் கருவி, முன்பின் தெரியாதவரின் கருவி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். தூத்துக்குடியில் மட்டும் மூன்று பூட்டகங்கள் இருந்தன. மூன்றிலும் கூட்டம்.

இசைக்காரர்கள் அங்கே வந்த காரணம் வேறு. வீட்டுக்கு வீடு இசையூற்று இருந்தது. ‘மழை வரப்போகிற மாதிரி, கொஞ்சம் சோகமாக, ஆனால் வேலை ஓடணும்’ என்று சொன்னால் அப்படியே பொழியும். நாடித்துடிப்பைப் பார்த்து நடுவில் மாற்றிக்கொள்ளவும் செய்யும். அதனால் இன்னொரு மனிதன் செய்த இசையைக் கேட்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் தளைக்காரர்கள் வந்தார்கள். மின்னிசைக் கருவிகளை வைத்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே ஒரு தளையைப் பூட்டிக்கொண்டு இசை செய்தவர்கள். ஒருவர் மூன்று சுரங்களுக்கு மேல் தொடமாட்டார். இன்னொருவர் தன் சமையலறையில் எழும் ஒலிகளை மட்டும் வைத்துச் செய்வார். இவர் இதிலிருந்து எப்படித் தப்பிக்கப் போகிறார் என்று பார்ப்பதற்காகவே ஜனங்கள் கேட்டார்கள். தளை மெய்யா பொய்யா என்ற சந்தேகம் வந்ததும் உறுதிப்பூட்டு உதவிக்கு வந்தது. பூட்டகத்தில் பதிந்த தளைக்கு முத்திரை உண்டு. முத்திரை இல்லாத இசையை விழாக்களில் ஏற்பதில்லை.

சங்கரவடிவு டெல்பினின் தளையை வாய்விட்டு வாசித்தார். “ ‘என் இசையில் ஒருமுறை பயன்படுத்திய ஒலி எதுவும் எனக்கு மறுபடி ஒலிக்கக் கூடாது.’ மறுபடி பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டா பத்தாதா? ஒலிக்கவே கூடாதுன்னு எதுக்கு?”

“கேட்டா திரும்ப எடுக்கத் தோணும் மேடம். கொஞ்சம் சுருதிய மாத்தி, கொஞ்சம் வேகத்த மாத்தி, இது புதுசுன்னு என்னையே ஏமாத்திக்கிடுவேன். பத்து வருசமா அதத்தான் பண்ணிட்டிருக்கேன்.”

“அப்ப ஒலிச்சாயலையும் சேத்துக்கிடவா? அந்த ஒலி மாதிரியே இருக்கிற எல்லாத்துக்கும் பூட்டு விழும்.”

“சேத்துக்கிடுங்க.”

“மெஷின் வழியா வர்ற ஒலிக்கு மட்டுந்தான். மரத்துல கத்துற காக்காவ எங்களால ஒண்ணும் செய்ய முடியாது.”

டெல்பின் சிரித்தாள். சங்கரவடிவு சிரிக்கவில்லை.

“ஆயுள் பூட்டுக்குச் சாவி கிடையாது. எங்ககிட்டயும் இல்ல, இதச் செஞ்சவங்ககிட்டயும் இல்ல. இத உங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லணும்னு விதி. சொல்லிட்டேன்.”

டெல்பின் கையெழுத்துப் போட்டாள்.

முதல் படைப்பிலேயே ஒரு தவறு செய்தாள். அலையாக்கி என்ற தன் மின்னிசைக் கருவியின் மிக எளிய ஒலியை, எந்த நெளிவும் இல்லாத ஒற்றை ஊதலை, யோசிக்காமல் ஓரிடத்தில் வைத்துவிட்டாள். முத்திரை விழுந்த நிமிடம் அவளுடைய அலையாக்கி ஊமையாயிற்று. அதே சாயலில் ஊதுகிற துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் கூப்பிடுவதை நிறுத்தியது. மின்தூக்கி மாடி வந்ததைச் சொல்லாமல் கதவைத் திறந்தது. இரண்டாவது படைப்பில் வாசல் மணியைப் பயன்படுத்தினாள். அன்று முதல் வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். இதெல்லாம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. எதையும் செலவழித்தால் திரும்ப வராது என்று தெரிந்ததும் காது கூர்மையாகிவிட்டது. உப்பளத்தில் வாருகோல் இழுபடும் ஒலி, துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி இறங்கும் ஒலி, ஈரத்துணியை உதறும் ஒலி என்று ஒவ்வொன்றையும் பதிந்து, வடிகட்டி, நீட்டி, எங்கே வைத்தால் அது வீணாகாது என்று மாதக்கணக்கில் யோசித்தாள்.

கேட்டவர்களுக்கு அந்த யோசனை புரிந்தது. இந்த ஒலியை இவள் இனி கேட்கவே மாட்டாள் என்ற நினைப்போடு கேட்பது அவர்களுக்குப் புதிதாக இருந்தது. பெயர் பரவியது.

தன் இசை அரங்கேறும்போது அவள் அரங்கத்துக்குள் இருக்க முடியாது. இருந்தால் ஒலிபெருக்கிகள் மௌனமாகிவிடும். வெளியே நின்று கண்ணாடி வழியாக முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைத்தெருவில் நடந்தால் அவள் நெருங்க நெருங்க, அவளுடைய இசையை ஒலிக்கவிட்ட ஒவ்வொரு கடையிலும் பாட்டு நின்றுபோகும். தாண்டியதும் பின்னால் தொடரும். எத்தனை கடைகள் அமைதியாகின்றன என்பதை வைத்துத்தான் அவள் தன் புகழை அறிந்தாள். ஆரம்பத்தில் பஜாரில் ஒரு கடை அப்படி நின்றது. பிறகு ஒரு தெருவே நின்றது.

அவள் கணவன் ஜோவின் கடலடி வடம் பதிக்கும் கப்பலில் வேலை பார்த்தான். இரண்டு வருட ஒப்பந்தம். கப்பல் தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. மாலுமிகளுக்குக் குரல் இணைப்பு மட்டும் உண்டு, முகம் பார்த்துப் பேச முடியாது. தினமும் சாயங்காலம் அவன் கூப்பிடுவான். அவள் பேசுவாள். அவன் உம் கொட்டுவான்.

“இன்னைக்கு இஞ்ச ஒரே புழுக்கம்.”

“ம்.”

“மேல்வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க தெரியுமா? பெரிய அலமாரிய அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“ம்.”

கல்யாணமான நாளிலிருந்தே ஜோவின் அப்படித்தான். டெல்பினுக்கு அது குறையாகத் தெரியவில்லை. பேச்சு எங்கோ போய் விழாமல் ஒரு கை அதைத் தாங்கிக்கொள்கிறது என்ற உணர்வு அவளுக்கு இருந்தது.

அந்தப் பயணத்தின் தொடக்கத்தில், ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் அவனிடம் ஒன்று சொன்னாள். குழந்தைக்காக ஐந்து வருடமாகச் செய்துகொண்டிருந்த சிகிச்சையை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். உடம்பு தாங்கவில்லை, மனசும் தாங்கவில்லை, நமக்கு நாம் போதும் என்று இருந்துவிடலாம் என்றாள். பிறகு ஜோவின், “ம்,” என்றான். வழக்கமான ‘ம்’ அல்ல. சற்று நீண்டு, இறங்கி, மூச்சோடு கரைந்த ‘ம்’. ஏன் என்று கேட்கவில்லை. யோசித்துச் செய்திருக்கலாமே என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல என்று புலம்பவில்லை. ஒரு மனிதன் ஒரு மனுஷிக்கு அதைவிடப் பெரிதாக எதையும் கொடுத்துவிட முடியாது என்று அவள் அன்று நினைத்தாள். பிறகும் அப்படியே நினைத்தாள்.

அடுத்த வருடம் மதுரை தளையிசை விழாவுக்கு நாற்பது நிமிட இசை ஒன்றைச் செய்தாள். ஒரு ஒலியும் அதில் இரண்டாம் முறை வராது. ஒன்று எழுந்து, அடங்கி, அடுத்தது எழும். கேட்கிறவர்கள் யாரோ ஒருத்தி விடாமல் பேசிக்கொண்டே இருப்பதாக உணர்வார்கள். முடிவு மட்டும் கிடைக்கவில்லை. எதை வைத்தாலும் அது இன்னொரு பேச்சாகவே இருந்தது. விழா நெருங்கியது. பழைய அழைப்புகளின் பதிவுகளைப் புரட்டியபோது அந்த ‘ம்’ கிடைத்தது. இறுதியில் நீண்ட மௌனத்துக்குப் பிறகு அதை வைத்துப் பார்த்தாள். நாற்பது நிமிடமும் அதற்காகவே காத்திருந்தது போலிருந்தது.

அன்று சாயங்காலம் ஜோவினிடம் கேட்டாள். “உங்க குரல்ல ஒரு ‘ம்’ எடுத்துக்கிடட்டுமா? பாட்டுக்கு.”

“ம்.”

“எடுத்தா பிறகு எனக்கு அது கேக்காது. ஒரு ‘ம்’தான, போனாப் போகட்டும். என்ன?”

“ம்.”

மதுரையில் இசை முடிந்தும் அரங்கத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்து, யாரோ தன்னிடம் பேசியது போல மெல்ல ஆட்டிக்கொண்டதை மட்டும் பார்த்தாள்.

மறுநாள் ஜோவின் கூப்பிட்டான். அவள் விழாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வாக்கியம் சொன்னதும் நின்றாள்.

“லைன்ல இருக்கீங்களா?”

சத்தம் இல்லை.

“கேக்கா?”

“கேக்கு, சொல்லு,” என்றான் ஜோவின்.

மறுபடி சொன்னாள். மறுபடி ஒன்றும் இல்லை. அவன் உம் கொட்டிக்கொண்டுதான் இருந்தான். பூட்டு ஒரு ‘ம்’மை எடுக்கவில்லை; அதன் சாயலில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ஜோவின் தொண்டையிலிருந்து எழுகிற எந்த ‘ம்’மும் எந்தக் கருவியின் வழியாகவும் இனி அவளுக்கு வராது. அவளே சேர்த்துக்கொள்ளச் சொன்ன விதிதான்.

பூட்டகத்துக்குப் போனாள். சங்கரவடிவு பொறுமையாகக் கேட்டார்.

“எழுத்துல அனுப்பச் சொல்லிப் பாருங்களேன். பூட்டு ஒலிக்குத்தான்.”

ஒரு வாரம் அதையும் செய்து பார்த்தார்கள். அவள் பேசுவாள், அவன் ‘ம்’ என்று தட்டி அனுப்புவான். அது வந்து சேர்வதற்குள் அவள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பாள். திரை முழுக்க ‘ம்’கள் நிறைந்து கிடந்தன. அவற்றில் ஒன்றிலும் மூச்சு இல்லை.

“நீங்க வாயத் தொறந்து பேசித்தான் ஆகணும்,” என்றாள் டெல்பின்.

“என்னத்த பேச?”

“ ‘ம்’முக்குப் பதிலா எதையாவது.”

ஜோவின் முதலில் ‘சரி’யைப் பிடித்துக்கொண்டான். “பக்கத்துத் தெருவுல அந்தக் கறுப்பு நாய் செத்துப் போச்சு,” என்று அவள் சொன்னபோது, “சரி,” என்றான். அவள் சிரித்துவிட்டாள். பிறகு ‘அப்படியா’வுக்கு மாறினான். அதுவும் எல்லா இடத்துக்கும் ஒத்துவரவில்லை. ‘ம்’முக்கு எதையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. வார்த்தை அப்படி அல்ல. சரியான வார்த்தையைச் சொல்ல, என்ன சொன்னாள் என்று தெரிந்திருக்க வேண்டும். சில வாரங்களில் அவன் கேட்கத் தொடங்கினான். அழைப்பு நேரத்தில் மேல்தளத்துக்கு வந்து, வேலைக்காரர்களின் சத்தத்திலிருந்து விலகி உட்கார்ந்துகொண்டான். கேட்டதும் கேள்வி வந்தது. கேள்விக்குப் பின் அவனுடைய கதையும் வந்தது.

“இஞ்ச கடல் கறுப்பா இருக்கு டெல்பின். நம்மூர்ல பச்சையும் நீலமுமாத்தான பாத்திருக்கோம். இது மசி மாதிரி. வடத்த இறக்கும்போது அது எங்க போவுதுன்னு தெரியாது. பாத்துக்கிட்டே இருந்தா நானும் கூட இறங்குத மாதிரி இருக்கும். அதனால பாக்கமாட்டேன்.”

அவன் குரலில் இத்தனை வார்த்தைகளை அவள் ஒருசேரக் கேட்டதில்லை. தளை இசைக்கு என்ன செய்ததோ அதையே தன் கணவனுக்கும் செய்திருக்கிறது என்று நினைத்தாள். தானாகப் பூட்டிக்கொண்டவள் அவள், அவன் அல்ல. அந்த வித்தியாசம் அப்போது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

இதற்குள் அந்த ‘ம்’ ஊரில் தனியாக வாழத் தொடங்கியிருந்தது. நாற்பது நிமிடத்தை விட்டுவிட்டுக் கடைசி ஒலியை மட்டும் சிலர் பிரித்தெடுத்தார்கள். அதை வீட்டுக் கருவியில் வைத்து, பேசி நிறுத்தும் இடங்களில் ஒலிக்கும்படி செய்துகொண்டார்கள். மருந்துக்கடை ஜெபராஜ் அவளிடம் நேரிலேயே சொன்னார். அவர் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

“மத்தியானம் கடையில ஆள் இருக்காது. அதுகிட்டதான் பேசிட்டிருப்பேன். புத்தி சொல்லாது, ஆறுதல் சொல்லாது. சும்மா ‘ம்’ங்கும். ஆனா கேக்குது, அது நல்லா தெரியுது. உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுசனா இருக்கணும்மா.”

“ஆமா,” என்றாள் டெல்பின். வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தது.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஜோவின் வழக்கத்தைவிட உற்சாகமாகக் கூப்பிட்டான்.

“டெல்பின், ஒரு விசயம் யோசிச்சு வச்சிருக்கேன். முன்ன மாதிரின்னா சொல்லியிருக்க மாட்டேன். இப்பதான் பேசப் பழகிட்டேனே.”

“சொல்லுங்க.”

“வந்ததும் ஆறு மாசம் லீவு போடுதேன். டாக்டர்ட்ட ஒவ்வொரு தடவையும் நீ தனியாத்தான் போயிருக்க. இனி நானும் கூட வாரேன். இந்தத் தடவ கரு கட்டாயம் நிக்கும் பாரு. பொம்பளப் பிள்ளைன்னா பேரு கூட யோசிச்சுட்டேன்.”

டெல்பின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் உங்ககிட்ட சொன்னேனே.”

“என்னத்த?”

“நீங்க போன புதுசுல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து சொன்னேன். நீங்க கூட…”

அவன் யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான். பழைய ஜோவினாக இருந்தால் ‘ம்’ என்று சொல்லித் தாண்டியிருப்பான். இப்போது அவனுக்கு அந்த வழி இல்லை.

“போன புதுசுலயா? அப்ப வடம் முறுக்கிக்கிட்டு, ரெண்டு நாளா தூங்காம இழுத்துட்டிருந்தோம். ஃபோனக் காதுல சொருகிட்டு இழுப்பேன். நீ ஆஸ்பத்திரின்னு என்னமோ சொன்ன, அது ஞாபகம் இருக்கு. காய்ச்சல்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “உண்மையச் சொல்லணும்னா, அப்பல்லாம் பாதி நாள் நீ பேசுதது காதுல விழாது. குரல் கேட்டா போதும்னு இருக்கும். ‘ம்’ அதுபாட்டுக்கு வரும். ஏன், என்ன சொன்ன?”

அந்த ‘ம்’ ஏன் நீண்டது என்பதும் ஏன் மூச்சோடு கரைந்தது என்பதும் அவளுக்கு இப்போது தெரிந்தது. கனமான எதையோ இழுத்துக்கொண்டிருந்தவனின் மூச்சு அது. அதை வைத்து அவள் நாற்பது நிமிட இசையை முடித்திருந்தாள். அதனோடு ஜெபராஜ் தினமும் பேசிக்கொண்டிருந்தார்.

“டெல்பின்?”

இரண்டாம் முறை சொல்வது கடினமாக இருந்தது. முதல்முறை அழுதுகொண்டே சொன்னாள். இப்போது அழுகை வரவில்லை. சிகிச்சையை நிறுத்திவிட்டதைச் சொன்னாள். ஐந்து வருடம் ஊசிக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் தன் உடம்பு பட்ட பாட்டைச் சொன்னாள். இனி டாக்டர் வேண்டாம் என்றாள். அவன் சம்மதித்துவிட்டதாக நினைத்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் நிம்மதியாக இருந்ததையும் சொன்னாள். “நமக்கு நாம போதும்னு இருந்துரலாங்க,” என்று முடித்தாள்.

அவன் குறுக்கே பேசவில்லை. ஒரு வார்த்தையையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரிந்தது. பின்னணியில் காற்று. கப்பலின் பக்கவாட்டில் அலை மோதும் சத்தம். அதன் நடுவே ஓரிடத்தில் மிகச் சிறிய நேரம் காற்றும் அலையும் கூட இல்லாமல் போய், மறுபடி வந்தன.

அவள் காத்திருந்தாள்.

“ஏதாவது சொல்லுங்க,” என்றாள்.

“சொன்னேனே,” என்றான் ஜோவின். குரல் உடைந்திருந்தது.

“என்ன சொன்னீங்க?”

“இப்பதான் சொன்னேன், நீ முடிச்சதும்…”

பாதியில் நிறுத்திக்கொண்டான். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“அதையே வார்த்தையில சொல்லுங்க,” என்றாள் டெல்பின் மெதுவாக. “எனக்குக் கேக்கணும்.”

ஜோவின் முயன்றான். சரி என்று தொடங்கி விட்டுவிட்டான். பரவாயில்ல என்றான், அது இல்ல, அது இல்ல என்று தானே திருத்திக்கொண்டான். வேறொன்றைச் சொல்ல வாயெடுத்து மூச்சை மட்டும் விட்டான்.

“அதுக்கு வேற வார்த்தை இல்ல, டெல்பின்.”